இத்தா வீட்டுக் கடற்குதிரைகள்

நளீரை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் காலையில், அலவத்துகொடையில் அந்த வீட்டு வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி, இடுப்புயரக் கண்ணாடித் தொட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று கேட்டார்கள்.

அறைக்குள் இருந்த அவர் மனைவி றலியாவுக்கு எல்லாம் கேட்டது. பார்க்க முடியவில்லை. கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். இத்தா முடியும்வரை அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. துணைக்கென்று நளீரின் மூத்த சகோதரி ரபீகா தெல்தெனியவிலிருந்து வந்து தங்கியிருந்தாள். பகல் முழுவதும் வாசல் திரைக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள்.

“ஆள் மௌத்தாகிட்டார். கொண்டு போங்க,” என்றாள் ரபீகா.

“அல்லாவே, தெரியாதுங்களே!” என்றது ஓர் இளம் குரல். கண்டி டவுனில் மீன் கடை வைத்திருக்கும் சதீஸ்குமார் அவன். பழகிய வீடுகளில் அந்த வீட்டுப் பேச்சே அவன் வாயிலும் வரும். “நளீர் நானா போன மாசமே எல்லாம் சொல்லி வச்சிட்டாருங்க. கடற்குதிரை வளக்கணும்னு அவ்வளவு ஆசை.”

கடற்குதிரை. றலியாவுக்கு அது புதிய செய்தி. இருபத்து மூன்று வருடத்தில் நளீர் எதையும் அவளைக் கேட்டுச் செய்ததில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. முடிவெடுத்த பிறகு அன்பாகச் சொல்லுவார். இதைச் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தொட்டி வைக்கும் இடத்தையும் அவரே தீர்மானித்திருந்தார். அறையில் அவளுடைய தையல் மெஷின் நின்ற மூலை அது.

செத்த பிறகும் எனக்கொரு வேலையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபமாவது வந்ததே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஒன்பது நாளாக வேறெதுவும் வந்திருக்கவில்லை.

“வைக்கச் சொல்லுங்க மதினி,” என்றாள். அவர்கள் தொட்டியை வைத்துவிட்டுப் போகும்வரை குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்போரம் நின்றாள்.

அதற்குப் பிறகு நளீரின் போனுக்குச் சதீஸ்குமாரின் குரல் பதிவுகள் வந்தன. அவள் கேட்பாள். பதிலை எழுதி மட்டும் அனுப்புவாள்.

“அக்கா, கறி உப்பு போட்டுறாதீங்க. நான் வச்ச வாளியில இருக்கிற உப்பு மட்டும். பைப் தண்ணி வேணாம், கேன் தண்ணியில கலக்குங்க.”

மர அகப்பையால் உப்பைக் கலக்கி, ஒரு நாள் ஆறவிட்டு, முள் வைத்த சின்னப் பெட்டியில் தண்ணீரை ஊற்றி உப்பின் அளவைப் பார்த்தாள். முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். முதல் தடவை மேலே ஏறிவிட்டது. இன்னும் தண்ணீர் ஊற்றினாள். கடற்குதிரைக்கு நீச்சல் அவ்வளவாக வராது, வாலால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கும் என்று சொல்லியிருந்தான். பிளாஸ்டிக் பவளக் கிளைகளை மணலில் ஊன்றினாள். காற்று மோட்டரைப் போட்டதும் பஞ்சு வழியாகக் குமிழிகள் ஏறின. வீட்டில் பல நாளுக்குப் பிறகு ஓதல் அல்லாத ஒரு சத்தம்.

ஆனால் உடனே உயிர்களை விட முடியாது. தண்ணீர் பக்குவப்பட ஆறு கிழமையாவது, ஒன்றரை மாதம், வேண்டும். தினமும் காலையில் ஒரு குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்க வேண்டும். பச்சை என்றால் நஞ்சு இருக்கிறது. மஞ்சளாக வரும்வரை காத்திருக்க வேண்டும்.

“ஒண்டுமில்லாத தண்ணிக்கி ஆறு கெழம காவலா?” என்றாள் ரபீகா.

“நீங்க எனக்கி காவல் ஈக்கல்லயா மதினி?”

ரபீகா எழுந்து குசினிக்குப் போனாள். அன்று பகல் சோற்றைப் பேசாமல் போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

தெருப் பக்கத்து ஜன்னல்கள் மூடியே இருந்தன. வருகிறவர்கள் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே பதில்களைக் கேட்டுப் போனார்கள். நளீரின் தம்பி பாயிஸ் வெள்ளிக்கிழமைகளில் வந்து, திரைக்கு அப்பால் நின்று பேசுவார்.

“மதினி, இத்தா முடிஞ்சதும் நீங்க தெஹிவளைக்கி மகள்ட வீட்டுக்குப் போறீங்க. இந்த வீட்டுக்கு வாடகைக்கி நல்ல குடும்பமொண்டு பார்த்தீக்கி. நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்.”

அவள் “சரி” என்று சொல்லவில்லை. சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டாம் நாள் மூன்று கடற்குதிரைகள் வந்தன. நீர்கொழும்பில் ஒருவர் வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தவை. சதீஸ்குமார் பையை வாசலில் கொடுத்துவிட்டுப் போக, ரபீகா அதைக் கைநீட்டி, பாம்பைப் பிடிப்பதுபோல் கொண்டுவந்தாள். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் சேர்த்து, ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் விட்டாள் றலியா. இரண்டு மஞ்சள், ஒன்று கறுப்பு. விரல் நீளம். கறுப்பு நேராகப் போய்க் கிளையொன்றில் வாலைச் சுற்றிக்கொண்டது. ஒரு கண் றலியாவைப் பார்த்தது, மறு கண் சுவரைப் பார்த்தது.

ஒரு நாளைக்கு மூன்று தடவை உறைந்த சின்ன இறாலைக் கரைத்துப் போட வேண்டும். அவை உடனே தின்னாது. இறாலை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘டிக்’ என்று இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்கும் அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது. நாலாம் நாள் ரபீகாவும் ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

எழுபத்து மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, டெங்குப் புகை அடிக்க ஆட்கள் வந்தார்கள். தெருவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். அரை மணித்தியாலம் வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் கத்தினார்கள்.

“அவ இத்தால ஈக்கிறா! வெளிய வரேலா!” என்று ரபீகா தமிழிலேயே கத்தினாள்.

றலியாவின் நினைப்பு வேறு பக்கம் ஓடியது. கொசு மருந்து வாசம் பட்டாலே செத்துவிடும் என்று சதீஸ்குமார் சொல்லியிருந்தான். மோட்டர் அந்த அறையின் காற்றைத்தான் தண்ணீருக்குள் இழுக்கிறது. அதை நிறுத்தினாள். சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பை உருவி, தொட்டியின் மேல் போர்த்தி, டேப் ஒட்டினாள். புகை இயந்திரம் முற்றத்தில் உறுமியது. முகத்தை மூடிக்கொண்டு ரபீகாவின் பின்னால் பின்கதவால் இறங்கினாள். பின்வளவிலும் புகை. தெருவுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையில் ஏறி வளைவுவரை போனாள்.

எழுபத்து மூன்று நாளுக்குப் பிறகு வெயில். ரொட்டி விற்கும் பாண்காரனின் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. முன்வீட்டுக்காரர்கள் மதிலுக்கு நீலம் அடித்திருந்தார்கள். மிளகுக்கொடி காய்த்திருந்தது. யாரும் அவளைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கவில்லை. ஏனென்றால் முகத்தை மூடியிருந்த அவளை யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. புகை அடங்கி மற்றவர்கள் வீடுகளுக்குத் திரும்பிய பிறகும் அவள் நின்றாள். பத்து நிமிடம் இருக்கும். மோட்டர் நிற்கிறது என்ற நினைப்பு வந்ததும் ஓடினாள்.

மஞ்சளில் ஒன்று மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது. விரிப்பைப் பிடுங்கி, மோட்டரைப் போட்டு, கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினாள். மற்ற இரண்டும் தேறின. அது காலையில் மணலில் கிடந்தது.

“புகையால இருக்கும் அக்கா,” என்று பதிவு அனுப்பினான் சதீஸ்குமார். “இல்லாட்டி காத்து கொறைஞ்சு இருக்கும். எதுன்னு சொல்ல முடியாதுங்க.”

றலியாவுக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நளீரின் மையத்தை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று வராத அழுகை, ஒரு விரல் நீள உயிருக்காக வந்தது. ரபீகா வந்து முதுகைத் தடவினாள். றலியா தெருவில் நின்றதை அவளும் கண்டிருந்தாள், அதைக் கேட்கவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் மகள் ஸனாவும் பாயிஸும் வேனோடு வந்தார்கள். ஸனா உம்மாவின் உடுப்புகளை அலுமாரியிலிருந்து எடுக்கத் தொடங்கினாள்.

“நான் வரல்ல மகள்,” என்றாள் றலியா.

“ஏன் உம்மா? வீட்டுக்கு ஆள் வருதே.”

“மூணு வேளை சாப்பாடு போடணும். தண்ணி பார்க்கணும். வேன்ல கொண்டு போனா ரெண்டும் செத்துப் போகும்.”

“மீனுக்காகவா?”

“ஓ, மீனுக்காகத்தான்.”

எனக்கு இங்கே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவர்களிடம் நூறு பதில் இருந்திருக்கும். இதற்குப் பாயிஸ் தலையைச் சொறிந்தார். “தனிய எப்பிடி மதினி இருக்கிற?”

“தனிய இல்ல,” என்றாள் ரபீகா, குசினிக் கதவிலிருந்து. “நானும் ஈக்கிறன். அவ குளிக்கப் போனா ஆர் பார்க்கிற அதுகள?” பிறகு குரல் தாழ்ந்தது. “தெல்தெனியக்கிப் போனா மகன்ட வீட்டு ஹோல்லதானே எனக்கிப் பாய். இங்க ஒரு கட்டில் ஈக்கி.”

றலியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். நூற்று முப்பது நாளாக இந்த மனுஷிக்கும் போக இடமில்லாமல் இருந்ததை அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டும் என்று சொல்லவும் முழுமனது வரவில்லை. “இருக்கட்டும்,” என்றாள்.

வேன் வெறுமனே திரும்பியது.

அடுத்த நாள் றலியா தனியாக அக்குறணைக்குப் போக வெளிக்கிட்டாள். வாங்க ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போய், கடைவீதியில் நடந்து, திரும்பி வர வேண்டும் என்றிருந்தது.

“எங்க போற? எத்தின மணிக்கி வருவ?” என்றாள் ரபீகா.

“பகல் லுஹர் தொழுகைக்கு முந்தி வந்துடுவன் மதினி.”

படியிறங்கும்போதுதான், காவல் முடிந்த பிறகும் கேட்டவுடன் பதில் சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. ஒழுங்கை வளைவில் கொஞ்ச நேரம் நின்றாள். பஸ் வரும் சத்தம் கேட்டது. அதை நோக்கி நடந்தாள்.