குறைந்தபட்சம் எண்பது பேர்

சேஷகிரி தீவுகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் ஸ்ரீலக்ஷ்மியின் கல்யாணத்துக்கு மூன்று தீவுகள் போட்டியில் இருந்தன. அந்தமானில் ஒன்று, தாய்லாந்துப் பக்கம் ஒன்று, மாலத்தீவில் ஒன்று. மூன்றிலும் கடல் நீலமாக இருந்தது, மணல் வெள்ளையாக இருந்தது, தென்னை மரம் சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. சாதாரண மனிதன் குழம்பிப்போவான். சேஷகிரி கர்நாடகப் பொதுப்பணித் துறையில் சூப்பரின்டெண்டிங் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்காக இந்தப் பக்கம் குடிவந்தவர். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் ஃபைல் போடாமல் ஒரு முடிவும் எடுத்ததில்லை.

பெங்களூர் ஜெயநகர் வீட்டின் சாப்பாட்டு மேஜையில் இப்போதும் ஒரு ஃபைல் இருந்தது. பச்சை நாடா கட்டியது. உள்ளே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கம்பேரடிவ் ஸ்டேட்மெண்ட். படகுத்துறையின் ஆழம், குடிநீருக்கு வழி, மழை மாதங்கள், மணவறையின் பாரத்தை மணல் தாங்குமா என்று பதினேழு தலைப்புகள். சூரிய அஸ்தமனத்துக்கு மார்க் கிடையாது. அது எல்லா டெண்டர்தாரர்களிடமும் இருக்கிறது.

எதிரே லேப்டாப்பில் நிருபமா இருந்தாள். கல்யாண ஏற்பாடுகளைச் செய்து தருபவள். தன்னை 'செலிப்ரேஷன் ஆர்க்கிடெக்ட்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். ஆர்க்கிடெக்ட் என்றால் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாளா என்று சேஷகிரி முதல் நாளே கேட்டுவிட்டார். அதிலிருந்து அவள் அந்த வார்த்தையை அவரிடம் சொல்வதில்லை.

"நிருபமா, மாலத்தீவு ரிசார்ட்ல ஹை டைட் வந்தா தண்ணி எது வரைக்கும் ஏறும்?"

"அது ரொம்ப மேஜிக்கலா இருக்கும் அங்கிள். அலை வந்து பொண்ணு மாப்பிள்ளை காலைத் தொட்டுட்டுப் போகும்."

"ஹோம குண்டத்தையும் தொட்டுட்டுப் போகுமா?"

நிருபமா எதையோ குறித்துக்கொண்டாள். "டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் அங்கிள்."

சேஷகிரி இரண்டு மார்க்கைக் குறைத்தார். மேஜையின் மறுமுனையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மனைவி ருக்மிணி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "ஏன்னா, நாதஸ்வரக்காராளும் நீச்சல் டிரஸ்லதான் வரணுமா?"

"டிரஸ் கோட் இன்னும் வரலே" என்றார் சேஷகிரி. அவருக்கு ஃபைல் பார்க்கும்போது கிண்டல் கேட்காது.

மூன்று மாதத்துக்கு முன்பு ஸ்ரீலக்ஷ்மி சொன்னது ஒரே வாக்கியம். "கொஞ்சம் பேர் போதும்பா, நம்மளைத் தெரிஞ்சவா மட்டும்." அதிலிருந்து தீவுகளுக்கு எப்படிப் போனார் என்று கேட்டால் சேஷகிரி, பெண் ஆசைப்படுகிறாள் என்பார். உண்மைக் காரணம் ஃபைலில் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்பு மகன் அபினவின் கல்யாணம். அப்போது சேஷகிரி பதவியில் இருந்தார். வரவேற்புக்கு இரண்டாயிரம் பேர். மேடைக்கு ஏறும் வரிசை மண்டபத்தைச் சுற்றி, வாசலைத் தாண்டி, பக்கத்து ரோட்டு வரைக்கும் போனது. அந்த வரிசையை அவர் இன்றுவரை மனத்துக்குள் வைத்துப் போற்றிவந்தார். ஆறு வருஷத்துக்கு முன்பு ஓய்வு பெற்றார். முதல் தீபாவளிக்கு நாற்பது பெட்டி இனிப்பு வந்தது. அடுத்த தீபாவளிக்கு ஏழு. போன தீபாவளிக்கு ஒன்று வந்தது. அதுவும் மாடி வீட்டுக்கு வந்தது, தவறிக் கீழே கொடுத்துவிட்டார்கள்.

போன வருஷம் அவருக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பசவனகுடியில் பெரிய மண்டபம். ஆயிரத்து இருநூறு நாற்காலிகள், நூறு தலைகள். மைக்கில் யார் பேசினாலும் அவர் பேச்சே அவரிடம் திரும்பி வந்தது. பெண்ணின் அப்பா மேடையில் நின்று போட்டோவுக்குச் சிரிக்கும்போதெல்லாம் கண் மட்டும் வாசலுக்குப் போய்வந்தது. அன்று சேஷகிரி சாப்பிட்டு முடித்தவர், இரண்டாம் பந்தியிலும் போய் உட்கார்ந்தார். பந்தி நிறையட்டும் என்று. வீட்டுக்கு வந்து ருக்மிணியிடம் அஜீரணம் என்று மட்டும் சொன்னார்.

தன் பெண் கல்யாணத்தில் தானும் அப்படி வாசலைப் பார்த்து நிற்பதை அவரால் கற்பனையில்கூடத் தாங்க முடியவில்லை. பெங்களூரில் நாற்பது பேர் வந்தால் அது ஆளில்லாத கல்யாணம். அதே நாற்பது பேர் தீவுக்கு வந்தால் அதற்குப் பெயர் 'இன்டிமேட்'. காலி நாற்காலியைக் கடலால் மூடிவிடலாம் என்று கண்டுபிடித்த நாளில்தான் அவர் பச்சை நாடா வாங்கப் போனார்.

மாலத்தீவு எண்பத்தொரு மார்க்கில் ஜெயித்தது. மறுநாளே ரிசார்ட்டிலிருந்து ஒப்பந்தம் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்காகத் தீவு முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்றால் குறைந்தபட்சம் எண்பது விருந்தினர்கள் வர வேண்டும், பெயர்ப் பட்டியல் மாதக் கடைசிக்குள் வேண்டும். முப்பத்தைந்து வருஷமாகப் பொடி எழுத்தில் கான்ட்ராக்டர்களைப் பிடித்தவர் அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தார்.

சம்பந்திக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை சஞ்சயின் அப்பா பாலசுப்ரமணியன், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி மேனேஜர், கிருஷ்ணகிரிக்காரர்.

"எங்க சைடுல இருபது பேர் சார்" என்றார் அவர். "அதுக்கு மேல எங்களுக்கு ஆள் இல்ல."

அதை அவர் வெட்கப்படாமல் சொன்னது சேஷகிரிக்குக் கொஞ்சம் அநாகரிகமாகப் பட்டது.

மிச்சம் அறுபது. சேஷகிரி பட்டியல் போட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே முறையில், பதவி வரிசைப்படி. முதலில் ஓய்வு பெற்ற செக்ரட்டரி, பிறகு சீஃப் எஞ்சினியர்கள், பிறகு தன் ரேங்க், பிறகு கீழே, பிறகு முக்கியமான கான்ட்ராக்டர்கள், பிறகு டிராயிங் செக்‌ஷன். அரசாங்கச் சம்பளம் வாங்காத சொந்தக்காரர்களுக்கு அந்த வரிசையில் எங்கே இடம் தருவது என்று தெரியாததால் கடைசியில் போட்டார்.

மூன்று நாள் மேலிருந்து கீழாகக் கூப்பிட்டார். முதல் பெயருக்கு மகன் போன் எடுத்து, அப்பா தியானத்தில் இருக்கிறார், மார்ச்சில் எழுந்திருப்பார் என்கிற தோரணையில் பேசினான். இரண்டாமவர், "மாலத்தீவா? வெரி குட். போட்டோ அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டார். நான்காமவர், "எந்த சேஷகிரி? ரோட்ஸா, பிரிட்ஜஸா?" என்றார்.

"பிரிட்ஜஸ்."

"அவர் போயிட்டார்னு சொன்னாளே."

"இல்லே சார், இருக்கேன்" என்றார் சேஷகிரி.

ஒரு கான்ட்ராக்டர் மட்டும் உண்மையிலேயே உருகினார். "நீங்க கூப்ட்டதே சந்தோஷ சார். ஆனா அந்த வாரம் ஹொசா சாஹேப்ரு, அதான் புதுசா வந்த ஆபீசர், அவர் வீட்டு கிரகப்பிரவேசம். நான் நின்னு பாத்துக்கணும், இல்லேன்னா அவருக்கு பேஜார் ஆயிடும். நிமகே கொத்தல்லா சார், உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அபினவ் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதை நின்று பார்த்துக்கொண்டவர் இவர்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐம்பத்தெட்டாவது பெயருக்கு வந்தார். ரெமிஜியஸ். தலைமை டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர், பிரேசர் டவுன்காரர்.

"சொல்லுங்க சார். உங்க போனுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

"நான் கூப்பிடுவேன்னு யார் சொன்னா?"

"பழைய டிவிஷன் வாட்ஸ்அப் குரூப்ல ஓடுது சார். மேலேர்ந்து கீழ வர்றீங்கன்னு. நேத்து நைட்டு கான்ட்ராக்டர் வரைக்கும் வந்துட்டீங்க. இன்னிக்கு டிராயிங் செக்‌ஷன்னு கணக்குப் போட்டேன். நான் எத்தனாவது சார்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தார். "ஐம்பத்தெட்டு."

"ஆபீஸ் சீனியாரிட்டில நூத்திப்பத்து சார் நானு. இது பிரமோஷன்தான்."

மூன்று நாளில் முதல் தடவையாக சேஷகிரி சிரித்தார். "வருவீங்களா?"

"வர்றேன் சார், நானும் வீட்லயும். பாஸ்போர்ட் இல்ல, எடுத்துக்கறோம். எதுக்கு சார் இம்மாந் தொலவு?"

"பொண்ணு ஆசைப்படறா."

ரெமிஜியஸ் பேச்சை மாற்றினார். "அபினவ் தம்பி கல்யாணத்துல கேட்ல நாந்தான் நின்னேன், ஞாபகம் இருக்கா சார்? ஒரு கான்ட்ராக்டர், பேரு வேணாம், அவசரமா மேடை ஏறி, போட்டோகிராபர் பையன் கையில பொக்கேயக் குடுத்து, 'நூறு வருஷம் நல்லா இருப்பா'ன்னு கை குலுக்கிட்டு நேரா உங்க முன்னால வந்து நின்னாரு. நீங்க அவரு தோள்ல தட்டுனீங்க. அந்த போட்டோகிராபர் அப்புறம் எங்கிட்ட வந்து, இந்தப் பொக்கேய என்னா பண்றதுன்னு கேட்டான்."

சேஷகிரி மனத்துக்குள் அந்த வரிசை மறுபடி மண்டபத்தைச் சுற்றி வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடும் கையைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"இதை ஏன் அப்பவே சொல்லலே?"

"அப்ப நான் சர்வீஸ்ல இருந்தேன் சார்."

அன்று எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி வீடு வந்து சேர்ந்தபோது சேஷகிரி ஃபைலை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறேன் என்றவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், இனிமேல்தான் கூப்பிட வேண்டிய கடைசி இரண்டு பெயர்கள், எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று. சம்பந்தி பக்கம் இருபது.

ருக்மிணி பட்டியலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். "ஸ்வர்ணா அம்பத்தொம்பதா? கூடப் பொறந்த தங்கை."

"அது புரோட்டோகால் லிஸ்ட் ருக்கு."

"அவ போன வாரமே எனக்குப் போன் பண்ணி, கப்பல்ல ஒம்போது கஜம் கட்டிண்டா காத்துல நிக்குமான்னு கேட்டுட்டா. நீங்க இன்னும் கூப்பிடவே இல்லே."

சேஷகிரி மகளைப் பார்த்தார். "நாற்பத்து மூணு பேர்தாம்மா. தீவு கிடைக்காது."

"நான் தீவுன்னு சொன்னேனாப்பா? கொஞ்சம் பேர்னுதானே சொன்னேன்."

"அப்போ மூணு மாசமா ஏன் வாயைத் திறக்கலே?"

ஸ்ரீலக்ஷ்மி அம்மாவைப் பார்த்தாள். ருக்மிணிதான் பதில் சொன்னாள். "நாங்க ரெண்டு பேரும் பேசிண்டுதான் சும்மா இருந்தோம். ரிடையர் ஆனதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் பனியனோட உட்காந்திருப்பேள். இந்த மூணு மாசமா காலங்கார்த்தால ஷேவ் பண்ணி, ஷர்ட் போட்டுண்டு தீவுக்கு மார்க் போட்டேள். அதை ஏன் கெடுப்பானேன்னு."

சேஷகிரி கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அன்றும் ஷேவ் செய்திருந்தார். தன்னை ஒரு பெரிய வேலையில் இருப்பவனாக நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் இரண்டு பேர் அவருக்கு விளையாட ஒரு கடலைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருக்கிறார்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

ஃபைலை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டார். "ஹால் காலியா இருந்தா என்னம்மா பண்றது?"

மூன்று மாதமாக ஃபைலில் ஏறாத கேள்வி அது. ஸ்ரீலக்ஷ்மி அதற்கு அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"சின்ன ஹாலா எடுத்தா போச்சு."

அவர் பேனாவை எடுத்து ஃபைலின் கடைசிப் பக்கத்தில், 'போதிய எண்ணிக்கை வராததால் டெண்டர் ரத்து' என்று எழுதித் தேதி போட்டார். பதவியில் இருந்தபோது நூறு தடவை எழுதிய வரி. வராதவர்கள் யார் என்று அப்போதெல்லாம் அவர் கவலைப்பட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஜெயநகரிலேயே ஒரு மண்டபத்துக்குப் போனார்கள். மேனேஜர் பிரகாஷ் மாடி ஹாலைத் திறந்து காட்டினார். அறுநூறு நாற்காலி.

"எஷ்டு ஜனா சார், எத்தனை பேரு?"

"நலவத்மூரு" என்று நாற்பத்து மூன்றைக் கன்னடத்திலேயே சொன்னார் சேஷகிரி.

பிரகாஷ் சிரிக்கவில்லை. இதைவிடக் குறைந்த எண்களையும் அவர் கேட்டிருக்கக்கூடும். "அதுக்கு எதுக்கு சார் இந்த ஹாலு? கீழ டைனிங் ஹாலே போதும். மணவறை போட்டு, சேர் போட்டா, எள்ளு போட்டா எள்ளு விழாது."

முப்பத்தைந்து வருஷம் பாலம் கட்டியவரின் பெண்ணுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் கல்யாணம். சேஷகிரி கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார். பழக்க தோஷத்தில் நீள அகலத்தைக் காலடியால் அளந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்க மரம் நின்றது. அது எந்தப் பக்கமும் சாயவில்லை. நாற்பத்து மூன்று நாற்காலியை மனத்துக்குள் போட்டுப் பார்த்தார். நிறைந்துவிட்டது. மேடையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியாது, தலைகள்தான் தெரியும்.

"கல்யாணம் இங்கேன்னா சாப்பாடு எங்கே?" என்று ருக்மிணி கேட்டாள்.

பிரகாஷ் மேலே கையைக் காட்டினார். "சாப்பாட்டை பெரிய ஹால்ல போட்டுரலாம்மா."

ஸ்ரீலக்ஷ்மிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேஷகிரி மறுபடி படியேறிப் போய் அந்த ஹாலின் நடுவில் நின்றார். அறுநூறு பேருக்கான இடத்தில் நாற்பத்து மூன்று இலை. சாம்பார் வாளியோடு ஒருவன் நடந்தால் காலடிச் சத்தம் எதிரொலிக்கும். பரவாயில்லை என்று தோன்றியது. இலையில் உட்கார்ந்தவன் இலையைத்தான் பார்ப்பான். இங்கே இரண்டாம் பந்தியும் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வர்ணாவுக்குப் போன் போட்டார். அவள் முழுசாக இருபது நிமிஷம் திட்டினாள். முடிந்ததும், பச்சை நாடாவை அவிழ்த்து, ஸ்கேலை எடுத்து, வெள்ளைத் தாளில் கோடு போட ஆரம்பித்தார்.

"இப்போ என்ன?" என்றாள் ருக்மிணி.

"பந்தி வரிசை. யார் பக்கத்துல யாருன்னு வேண்டாமா?"

ருக்மிணி எட்டிப்பார்த்தாள். முதல் இலை ஸ்வர்ணாவுக்கு. இரண்டாவது ரெமிஜியஸுக்கு. மூன்றாவது இலைக்கு எதிரே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவள் காபி போடப் போனாள்.