துள்ளுபாய்

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த முருங்கைக் குச்சியை யாரோ ஒடித்தது போலிருந்தது. சுசீலா சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். பாயின் நடுவில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது, அழுகை இன்னும் வரவில்லை. இடது காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

குழந்தை விழவில்லை. அதுதான் சுசீலாவுக்குப் புரியவில்லை. வெளியே தெறிக்கவில்லை, குழாயில் மோதவில்லை, யார் மேலும் இடிக்கவில்லை. பாயிலிருந்து எழும்பியவள் பாய் மேலேயே வந்து இறங்கினாள். அவ்வளவுதான் நடந்தது.

தீவில், மின்னி பே என்ற குடாக்கரையில், அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கிடந்த வெட்டவெளியில் அந்தப் பாயைக் கட்டியவன் சுசீலாவின் புருஷன் ஜம்புலிங்கம். தூத்துக்குடிக்காரன். கப்பல் பட்டறையில் கயிறும் கித்தானும் அவன் வேலை. கழித்துப்போட்ட கப்பல் தார்ப்பாய் ஒன்றை அதிகாரியிடம் எழுதிக் கேட்டு வாங்கி வந்து, தண்ணீர்க் குழாயில் சட்டம் போட்டு, லாரி டியூபைப் பட்டை பட்டையாக அறுத்து, சுற்றிலும் இழுத்துக் கட்டினான். இடுப்புயரத்தில் நின்றது. ஏறிக் குதித்தால் ஆளைத் தூக்கிப் போட்டது. துள்ளுபாய் என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அவன் அதைக் கட்டியது மகள் மரகதத்துக்காக. ஒன்பது வயதுக்காரி. அந்த வருஷம், அறுபத்தெட்டில், டைபாய்டில் இரண்டு மாதம் படுத்து எழுந்தவளுக்குத் தொடை வற்றிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்து மேட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள். நட என்றால் அழுவாள். அப்படிப்பட்டவள் துள்ளுபாய் வந்த பிறகு தானே ஓடிப்போய் ஏறினாள். நான்கு மாதத்தில் மேட்டை ஒரே மூச்சில் ஏறினாள். சோறு இரண்டாம் தடவை கேட்டாள்.

சுசீலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கை கால் முறிந்து வருகிற பிள்ளைகளை நிறையப் பார்த்தவள். அதனால் முதலில் அவள்தான் வேண்டாமென்று நின்றாள். விழுந்தால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டாள். ஜம்புலிங்கம் குழாய் முழுக்கத் தேங்காய் நார் திணித்த சாக்கைச் சுற்றினான். கீழே கடற்கரை மணலை முழங்கால் ஆழத்துக்குக் கொட்டினான். விழுவதற்கான வழியை எல்லாம் இருவரும் யோசித்து யோசித்து அடைத்தார்கள். விழாமலே ஒரு குழந்தைக்குக் கால் முறியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மரகதமும் மல்லிகாவும் மட்டும் இருந்தார்கள். மல்லிகா பக்கத்து வீட்டுக் குழந்தை, நாலரை வயது. அப்பா கண்ணையா பாம்பூஃப்ளாட்டுக்குப் போகிற ஃபெர்ரிப் படகை ஓட்டும் சராங்கு. அவர் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே இந்தத் தீவுதான். அம்மா கமலாட்சி அடுப்படியில் இருந்தாள். துணி எடுக்க வந்த சுசீலாவை நீயும் ஒருதரம் ஏறிப் பாரேன் என்று மரகதம் கெஞ்சினாள். சுசீலா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். மூன்று குதி. மூன்றாவதில் அவள் இறங்கிய வேகத்துக்கு மல்லிகா பந்து போல மேலே போனாள். மரகதம் கைதட்டினாள். அப்புறம்தான் அந்தச் சத்தம்.

அழுகை கேட்டுக் கமலாட்சி ஓடி வந்தபோது சுசீலா கீழே இறங்கி, குழந்தையை மடியில் வைத்திருந்தாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வீங்கத் தொடங்கியிருந்தது. எத்தனையோ கால்களுக்குச் சட்டம் வைத்துக் கட்டிய கை. அன்றைக்கு ஒரு துணியைக் கிழிக்க வரவில்லை. கமலாட்சி பாயைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற மரகதத்தைப் பார்த்தாள்.

"நீ பெரிய பொண்ணு. சின்னப் பச்சி கூட மெதுவா குதிக்கணும்னு தெரியாது?"

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். சுசீலாவுக்கு நாக்கு எழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கால் எலும்பின் மேல்பகுதியில் குறுக்கே ஒரு கோடு. எங்கிருந்து விழுந்தாள் என்று கேட்டார். விழவில்லை என்றாள் சுசீலா. விழாமல் இது எப்படி என்று புருவத்தைத் தூக்கியவர், கூட யார் குதித்தது, எவ்வளவு எடை இருப்பார் என்று கேட்டார். அதற்குக் கமலாட்சி முந்திக்கொண்டாள். சிஸ்டரோட பொண்ணுதான் சார், சின்னப் பொண்ணு என்றாள். டாக்டர் நம்பாதவர் போல மறுபடி படத்தைப் பார்த்தார். மாவுக்கட்டுக்குத் துணி நனைத்துக் கொடுத்தது சுசீலாதான். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மரகதம் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் பழி விழுந்தபோது ஏன் பேசாமல் இருந்தாள் என்று சுசீலா கேட்டாள்.

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றாள் மரகதம்.

கோபம் இல்லை அந்தக் குரலில். குழந்தையின் கால் முறிந்ததைவிட சுசீலாவைக் கூடுதலாக உலுக்கியது இதுதான். பழி தன் மகள் தலையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். ஒரு நிமிஷம் இல்லை, மாலை முழுக்க. தான் அப்படிப்பட்டவள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலை கண்ணையா வேலைக்குக் கிளம்பும் முன்பே ஜம்புலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள்.

"மரகதம் இல்ல. நான்தான் மேல இருந்தேன். நான் குதிச்சதுலதான் பாய் பிள்ளையைத் தூக்கி எறிஞ்சது."

கமலாட்சி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "மத்லப்... அப்படின்னா, டாக்டர் கேட்டப்பவும் நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"நின்னேன்."

"நர்ஸு நீங்க."

கமலாட்சி உள்ளே போய்விட்டாள். கண்ணையா அந்தப் பாயை இன்றைக்கே அறுத்துப் போடச் சொன்னார். அறுத்துவிடுகிறேன், ஆனால் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு அறுக்கிறேன் என்றான் ஜம்புலிங்கம். விழாத பிள்ளைக்குக் கால் ஒடிந்தது அவனை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

அன்று மாலை ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி வந்தான். சுசீலாவின் எடை ஏறக்குறைய அதில் இருந்தது. பாயின் நடுவே உரிக்காத தேங்காய் ஒன்றை வைத்தான். நேரே நின்று பார்க்கட்டும் என்று கண்ணையாவையே ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னான். இருவரும் மூட்டையைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் போட்டார்கள்.

தேங்காய் அவர்கள் தலைக்கு மேலே போனது. பார்த்தவர்கள் எல்லோரும் அண்ணாந்தார்கள். கீழே வந்தபோது மூட்டையின் கனத்தில் அமுங்கியிருந்த பாய் விறைத்துக்கொண்டு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. தேங்காய் அதன் மேல் மடார் என்று மோதியது. கல்லில் மோதியது போல இருந்தது அந்தச் சத்தம். கமலாட்சி வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு மரகதத்தை மட்டும் தனியாகக் குதிக்கச் சொன்னார்கள். பாய் அவளோடு இறங்கியது, அவளோடு எழும்பியது. எதிர்த்து மோதவில்லை. இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டரிடமும் சுசீலா போய் உள்ளதைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "இப்பத்தான் அந்தப் படம் எனக்குப் புரியுது. கனமானவங்க கூட ஏறினா அடி படறது எப்பவும் சின்னதுக்குத்தான். எலும்பு இன்னும் இறுகல பாருங்க" என்றார். மரகதத்தின் காலையும் அழுத்திப் பார்த்தார். நன்றாகத் தேறியிருக்கிறது, அதையும் இல்லையென்று சொல்லமாட்டேன் என்றார். அறுப்பதா வைப்பதா என்று கேட்டதற்கு, அது நீங்கள் எவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டார்.

ஜம்புலிங்கம் கத்தியோடு நின்றான். தடுத்தது கண்ணையாதான். கடலில் மூழ்கிப் போகிறார்கள் என்று யார் படகை உடைக்கிறார்கள் என்று முணுமுணுத்தார். ஒரு நேரத்தில் ஒருவர்தான், ஆறு வயதுக்குக் கீழே யாரும் கிடையாது, பெரியவர்கள் கால் வைக்கக் கூடாது, பக்கத்தில் ஒரு ஆள் நிற்காமல் யாரும் ஏறக் கூடாது என்று பேசி முடித்தார்கள்.

பேசி முடித்தபடியே நடந்தது. ஆனால் பழைய கூச்சல் போய்விட்டது. சேர்ந்து குதிப்பதில்தான் பாதிச் சந்தோஷம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. வரிசையில் காத்து நிற்பது பலருக்கு அலுத்தது. சிலர் கடலுக்குப் போனார்கள். அதே குவார்ட்டர்ஸில் இருந்த பழனிசாமி மேஸ்திரி தன் மூன்று பிள்ளைகளையும் அந்தப் பக்கமே அனுப்பவில்லை. மரகதம் மட்டும் தினமும் வந்து நூறு எண்ணிக் குதித்துவிட்டு இறங்குவாள். சில நாள் சிரிப்பாள். அப்போதெல்லாம் சுசீலாவும் சிரிக்கப் பார்ப்பாள், முடியாது. பாய் எழும்பும்போதெல்லாம் அவள் காது அந்தக் குச்சி ஒடிகிற சத்தத்தைத்தான் தேடியது.

ஐந்து வாரம் கழித்து மல்லிகாவின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் நேராகச் சேர்ந்திருந்தது. முதலில் நொண்டினாள், மழைக்காலம் தொடங்குவதற்குள் ஓடினாள். கமலாட்சி சுசீலாவோடு பேச மட்டும் நாளாயிற்று. எதிரே வந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஒருநாள் ஃபெர்ரித் துறையில் மழைக்கு ஒதுங்கி இருவரும் ஒரே கூரைக்குக் கீழே நிற்க நேர்ந்தது. மரகதத்துக்குக் கால் இப்போது எப்படி என்று கமலாட்சியே கேட்டாள். நன்றாயிருக்கிறது என்றாள் சுசீலா. படகு வந்தபோது இருவரும் ஒரே குடையில் போனார்கள்.

மல்லிகாவுக்கு ஆறு வயது முடிந்தது. அதற்குள் ஜம்புலிங்கம் டியூப் பட்டைகளை இரண்டு முறை மாற்றியிருந்தான். ஒரு மாலை கமலாட்சி மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். தானே அவளைத் தூக்கிப் பாய் மேல் விட்டாள். சுசீலா உதவிக்கு ஓரடி முன்னால் வந்தாள்.

"சிஸ்டர், நீங்க அங்கேயே நில்லுங்க" என்றாள் கமலாட்சி.

குரலில் கடுமை இல்லை, இளக்கமும் இல்லை. சுசீலா நின்ற இடத்திலேயே நின்றாள். மல்லிகா முதலில் முழங்காலை மட்டும் மடக்கிப் பார்த்தாள். பிறகு குதித்தாள்.