இரண்டு டேக், ஒரே நம்பர்

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் டேக் செய்த ஷெட் இப்போது மாவு மில்லாகிவிட்டது. பஸ் அந்தப் பக்கம் போனால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பைத்தியம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூற்று ஆறில் அங்கே டெஸ்டிங் மேசையில் நானும் முனிவேலும் வேலை பார்த்தோம். டேக் என்றால் பிஸ்கட் அளவு பிளாஸ்டிக் வில்லை. ரீடர் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒயரே இல்லாமல் தன் நம்பரைச் சொல்லும். பச்சை விளக்கு எரியும். இரண்டை ஒன்றாக வைத்தால் போச்சு. இரண்டும் சேர்ந்து கத்தும், பெட்டிக்கு ஒன்றும் புரியாது, சிவப்பு எரியும்.

எங்கள் கதையும் அதேதான். டீ நேரத்தில் அவர், "வீரலட்சுமி, வந்து..." என்பார். அதே நொடியில் நானும் "ஏங்க..." என்பேன். இருவரும் நிறுத்துவோம்.

"நீ சொல்லு."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

மறுபடி ஒன்றாக ஆரம்பிப்போம். அதற்குள் பெல் அடித்துவிடும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவர் அஞ்செட்டியில் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை. என் அப்பா அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்குப் போனவர். அதனால் அவரே முதலில் வாய் திறக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க ராயக்கோட்டையிலிருந்து வருவதாக வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் சண்டை போட நான் தயார்.

அந்த வாரம்தான், இரண்டின் பேச்சும் மோதினால் டேக் கொஞ்சம் நின்று மறுபடி பேசும்படி அவர் மாற்றியிருந்தார். மறுபடியும் சிவப்பு.

"ரெண்டும் ஒரே அளவு நின்னா ஒரே நேரந்தான பேசும்? நம்மள மாதிரி!" என்று கத்திவிட்டேன். "அதது நம்பருக்குத் தக்கன அதது நிக்கட்டும்."

என்னையே பார்த்தார். மறுநாள் அப்படியே செய்தார். ஒன்று சொல்லி முடித்த பிறகு அடுத்தது சொன்னது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை, மறுநாள் நினைப்பிலேயே இரண்டு டேக்கில் ஒரே நம்பரை ஏற்றித் தொலைத்தேன். சேர்த்து வைத்ததும் பளிச்சென்று பச்சை.

"இன்னாம்மா இது! ரெண்டும் ஒண்ணையே சொன்னா மோதுனதே பெட்டிக்குத் தெரியாதே," என்று திட்டினார்.

வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நின்றேன். பின்னாலேயே அவரும் வந்தார். வழக்கம்போல ஒன்றாக ஆரம்பித்தோம். இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை.

"நாளைக்கு அவங்க வர வேணாம்."

இரண்டு வாயிலும் அதே வார்த்தைகள். இருவருக்கும் தெளிவாகக் கேட்டது. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் இரண்டு வீட்டிலும் நடந்த ரகளையைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. இருந்தாலும் இருபத்தைந்து வருஷம், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்தே சந்தோஷமாக ஓட்டினோம்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது வீட்டில் என் பேச்சோடு மோத யாருமில்லை. இருந்தும் "ஏங்க" என்று ஆரம்பித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துகிறேன்.