கேபாரில் சாயாத பொழுது

கேபார் ஊர்ச் சதுக்கத்தில் வழிப்போக்கர் யாராவது உட்கார்ந்திருந்தால், அவரை ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போகும்வரை சூரியன் மறையாது. எங்கள் பென்யமீன் மலையில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்தவர் எந்தக் கதவையும் தட்டக் கூடாது. நாங்கள்தான் போய் அழைக்க வேண்டும். அந்தக் காலத்தில் பயறு வேகும் நேரம்கூட யாரும் அங்கே காத்திருந்ததில்லை. ஒருவன் கழுதையைப் பிடித்து இழுப்பான், இன்னொருவன் கழுதைக்காரனை. விருந்தாளிக்காக அப்படியொரு சண்டை! நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது.

பிறகு பக்கத்து ஊரில் விருந்தாளி தங்கிய வீட்டைப் போக்கிரிகள் சூழ்ந்து, வீட்டுக்காரனையும் சேர்த்துக் கொன்றார்கள். இருட்டினால் கிளம்புகிற அந்த மாதிரி ஏழெட்டுப் பேர் கேபாரிலும் இருந்தார்கள். அந்த வருஷம் வாற்கோதுமை அறுப்பில், வாரத்தின் ஆறாம் நாள் மாலை, மெராரி என்ற லேவியனும் (கோயில் ஊழியக் குலத்தான்) அவன் மனைவி நோகாளும் வந்து உட்கார்ந்தார்கள்.

"ரொட்டி இருக்கு, கழுதைக்கு வைக்கோலும் இருக்கு. படுக்க இடம் மட்டும் குடுங்க," என்றான் மெராரி, மூடிய கதவுகளைப் பார்த்து.

"அடுத்த வீடு பெருசுப்பா, அங்க கேளு," என்றது ஒவ்வொரு வீடும்.

சூரியன் நின்றது. இருட்டினால்தானே வேலை செய்யக் கூடாத ஓய்வுநாள் பிறக்கும்? அது பிறக்காததால் வேலைநாள் முடியவில்லை. குளித்து உடுத்தியவர்கள் மறுபடி அரிவாளை எடுத்தார்கள். சாப்பிட்ட வேளைகளை வைத்துப் பார்த்தால் ஒன்பது நாள், அறுத்த வயலையே அறுத்தோம். குழந்தைகள் தூங்காமல் அழுதன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கதவைச் சாத்தியிருந்தேன்.

கடைசியில் வந்தவள் அத்தாராள். தனியாக வாழ்ந்த விதவை, வாய் பொல்லாதவள்.

"எழுந்திரிடி. ஊரே தூங்காம சாகுது."

நோகாள் அசையவில்லை. "வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தாம்மா எங்க உசிருக்குப் பயமில்ல. நாங்க உள்ள வந்தா இருட்டிடும். அவனுங்க உங்களையும் விடமாட்டானுங்க."

"தெரியும்டி. அதத்தான் ஒம்பது நாளா யோசிச்சேன். கால் கழுவ வெந்நீர் வெச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள வா."

அவர்கள் வாசற்படி தாண்டியதும் பொழுது சாய்ந்தது. அத்தாராளின் கதவுக்கு முன்னால் மட்டும், ஒரு பாய் அகலத்துக்கு, மாலை வெயில் அப்படியே கிடந்தது. போக்கிரிகள் கம்போடு வந்தார்கள். அந்த வெயிலில் கால் வைத்தால் யார் பெற்ற பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஓய்வுநாள் முடிந்த மறுநாள் காலை மெராரியும் நோகாளும் கழுதையோடு வடக்கே புறப்பட்டார்கள். அத்தாராள் இறந்து முப்பது வருஷமாகிறது. சதுக்கத்தில் வந்து உட்கார இப்போது ஆளில்லை; பொழுது நேரத்துக்குச் சாய்கிறது. அத்தாராள் வாசலில் அந்த வெயில் மட்டும் இன்னும் கிடக்கிறது. மழைக்காலத்தில் துணி காயப்போட வசதி. யார் வீட்டுத் துணி முதலில் என்றுதான் இப்போதெல்லாம் எங்கள் சண்டை.