முன்னால் இருந்த இலைகள்

டயர் கடைக்கு மேல்மாடியில் நடந்த அந்த மாலை வகுப்பில் அவளை எல்லோரும் 'லென்ஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். மயிரிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் ஆடும். குறைத்துத் தேய்த்தால் ஃபிரேம் பிளக்கும். அதனால் எதையும் ஒன்றுக்கு மூன்று தரம் பார்க்காமல் கையை எடுக்கமாட்டாள். கடையில் அந்தப் பழக்கம் நல்ல பெயர் வாங்கித் தந்தது. மற்ற இடங்களில் அவளையே போட்டுப் படுத்தியது.

புகைப்பட வாத்தியார் பத்திரிகையில் படம் எடுத்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓர் இயற்கைப் படப் போட்டி நடத்துவார். மற்ற போட்டிகள் மாதிரி இல்லை அது. பிள்ளை முதலில் ஒரு படம் அனுப்பும். மாலை வகுப்பு மாணவர் ஒருவர் அதைப் பார்த்து, குறை என்ன என்று எழுதி அனுப்புவார். பிள்ளை அதே காட்சியைத் திரும்பவும் எடுத்து அனுப்ப வேண்டும். முதல் படத்திலிருந்து இரண்டாவது படம் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்குத்தான் பரிசு.

லென்ஸ் எழுதிய கருத்துகளை வாத்தியார் வகுப்பிலேயே உரக்கப் படித்தார்.

"'ஒருவேளை', 'என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம்', 'முடிந்தால் மட்டும்'... ஏம்மா, நீ குறை சொல்றியா, மன்னிப்புக் கேக்கறியா?"

வகுப்பு சிரித்தது. பக்கத்து நாற்காலி அச்சகக்காரர் விடுவாரா? "இவங்க டீக்கடைக்குப் போனாலும் 'ஒருவேளை ஒரு டீ'ன்னுதான் சார் கேப்பாங்க."

"பத்து வயசுப் புள்ளைக்கு வளவளன்னு எழுதினா என்ன புரியும்? பட்டுனு ஒண்ணு சொல்லு. அது போதும்."

அடுத்து அவளிடம் வந்தது ஒரு குருவிக்கூட்டின் படம். வேலிச்செடிக்குள் கேமராவை நுழைத்து எடுத்திருந்தாள் ஒரு சிறுமி. படம் முழுக்கப் பச்சை. இலைக்குப் பின்னால் இலை, அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு கூடு, அதில் ஓர் அலகு நுனி. உள்ளே எத்தனை குஞ்சு என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் கூட்டை மேலிருந்து பார்க்காமல் அதன் உயரத்துக்கே குனிந்து எடுத்திருந்தாள். அது எல்லோருக்கும் தோன்றுகிற விஷயம் இல்லை. லென்ஸ் வழக்கம்போல ஒரு பத்தி எழுதினாள். படித்துப் பார்த்தாள். வாத்தியார் குரல் காதில் ஒலித்தது. அத்தனையையும் அழித்துவிட்டு எழுதினாள்: 'முன்னால் இருக்கும் இலைகள் குஞ்சுகளை மறைக்கின்றன. அவை இல்லாவிட்டால் இது முதல்தரமான படம்.'

அனுப்பிவிட்டு, தானா இப்படி எழுதியது என்று திகைத்துப்போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வகுப்பில் புரொஜெக்டரிலிருந்து இரண்டாவது படம் சுவரில் விழுந்தபோது, எல்லோரும் நிமிர்ந்தார்கள். மூன்று குஞ்சுகள். மூன்றும் வாயைத் திறந்திருந்தன. வாயின் உட்புறச் சிவப்பு, தோலிலிருந்து முளைத்துக்கொண்டிருந்த இறகுக் குருத்துகள், கூட்டில் பின்னியிருந்த நூல் துணுக்கு, எல்லாம் கையால் தொடலாம்போல இருந்தன. அச்சகக்காரர் கைதட்டியே விட்டார். வாத்தியார் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

"இதுக்குப் பேர்தான் தேர்ச்சி. எந்தப் புள்ள? யார் எழுதினது?" திரும்பி அவளைப் பார்த்தார். "பாத்தியா? ரெண்டே வரி!"

அவள் முகம் சூடானது. ஒரு தரம் பார்த்தாள், பெருமையாக இருந்தது. இரண்டாம் தரம் பார்த்தாள். பழக்கதோஷம், மூன்றாம் தரமும் பார்த்தாள்.

முதல் படத்தில் வெளிச்சம் பச்சையாக, தணிந்து இருந்தது. இதில் வெள்ளை வெயில். படத்தின் ஓரத்தில் ஒரு தண்டு சாய்வாக வெட்டுப்பட்டு, வெட்டுவாய் ஈரமாக மின்னியது. குஞ்சுகள் தீனி கேட்கும்போது கழுத்தை மேலே நீட்டும். இவை நீட்டவில்லை. கண்ணை மூடி, கூட்டின் விளிம்பில் சரிந்து, வாயை மட்டும் திறந்து வைத்திருந்தன. பசியில்லை. வெயில் தாங்காமல் இரைத்துக்கொண்டிருந்தன.

"சார், இலையை வெட்டியிருக்கா போலிருக்கு," என்றாள்.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுவர்கிட்டே போனார். நெடுநேரம் நின்றார். "அட, ஆமா," என்றார், குரல் இறங்கி. பிறகு, "கூட்டைத் தொடக்கூடாதுன்னு விதியில போட்டிருக்கோம். செடியைப் பத்திப் போடலையே. அடுத்த வருஷம் சேத்துடணும்."

"இந்தக் குஞ்சுங்க, சார்?"

அவர் அந்தப் பிள்ளையின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

இரவு முழுக்க அவளுக்குள் வழக்கு நடந்தது. காற்றில் ஒடிந்த தண்டாக இருக்குமோ? தாய்க்குருவி வந்து சிறகால் மூடியிருக்குமோ? போய் நின்று ஒன்றுமில்லை என்றால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? அப்போதே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்ந்தாள்.

மூன்று மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் சிறுமியின் வீடு. அப்பா பஸ் டிரைவர், இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்து லுங்கியோடு நாற்காலியில் அசந்திருந்தார். அம்மா துணி தைப்பவள். கூடமே தையல் மிஷினும் வெட்டுத்துணியுமாகக் கிடந்தது. லென்ஸ் தன்னைச் சொல்லிக்கொண்டதுமே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா அது! ரெண்டு நாளா 'அந்த அக்கா முதல்தரம்னு சொன்னாங்க'ன்னு என் காதையே தின்னுட்டா. வந்தது வந்தீங்க, இதையும் கேளுங்க. துணி வெட்டுற கத்திரியைக் கொண்டுபோய்ச் செடியை வெட்டியிருக்கா! வாய் மழுங்கிப்போச்சு. இப்ப துணியைக் கடிக்குது, வெட்ட மாட்டேங்குது."

ஒருவேளை காற்றோ என்று வழியெல்லாம் பிடித்து வைத்திருந்த ஆசை அந்த வாசலிலேயே போயிற்று.

உள்ளிருந்து சிறுமி ஓடி வந்தாள். வீட்டில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர். மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். "அக்கா, படம் பாத்தீங்களா? நீங்க சொன்னபடியே பண்ணிட்டேன்கா. ஒரு இலைகூட விடல! மேல இருந்த இலையால நிழல் விழுந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். கூட்டைத் தொடவே இல்ல, சத்தியமா. விதியெல்லாம் படிச்சேன்."

"படிச்சிருக்கே," என்றாள் லென்ஸ். "குஞ்சுங்களைப் பாக்கலாமா?"

"வாங்க, வாங்க!"

வேலிச்செடி கட்டடத்தின் பின்பக்கம், மதிலை ஒட்டி அடர்த்தியாகப் போயிற்று. ஓர் இடத்தில் மட்டும் யாரோ ஜன்னல் வைத்ததுபோல ஒரு சதுரம். சிறுமி சுத்தமாக வேலை செய்திருந்தாள். அந்தச் சதுரத்துக்கு நடுவில் கூடு, தட்டில் எடுத்து நீட்டியதுபோல. தூரத்திலிருந்தே தெரிந்தது. தங்களுக்குத் தெரிவது யாருக்கும் தெரியுமே என்று லென்ஸ் நினைத்து முடிக்கும் முன் அவள் கண் மதில்மேல் போயிற்று. ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

கூட்டில் இரண்டுதான் இருந்தன.

"இன்னொண்ணு எங்கக்கா? பறந்துடுச்சா?"

இறகு சரியாக முளைக்காதது எப்படிப் பறக்கும்? லென்ஸ், "வெட்டின கிளையெல்லாம் எங்க போட்டே?" என்று கேட்டாள்.

மதிலோரம் கிடந்தன. இலைகள் சுருண்டு, பழுப்பேறி. பரவாயில்லை என்று அவற்றை எடுத்து, தையல் கூடத்திலிருந்து வாங்கிய நூலால் கூட்டுக்கு மேலே கட்டினாள். லென்ஸ் தேய்க்கிற கை, முடிச்சுகள் நேர்த்தியாக விழுந்தன. ஆனால் காய்ந்த இலை நூல் பட்டதும் உதிர்ந்தது. கடைசியில் வெறும் குச்சிகள்தான் நின்றன. அம்மாவிடம் ஒரு பச்சைத் துணி வாங்கி விரித்தாள். காற்றில் அது படபடத்தது. மின்கம்பியில் வந்து உட்கார்ந்த தாய்க்குருவி அதைக் கண்டதும் கத்திக்கொண்டு பறந்துவிட்டது. துணியை அவிழ்த்தாள்.

"அக்கா, அம்மாக்குருவி வாயில புழு வச்சிருக்கு. ஏன் உள்ள வர மாட்டேங்குது?"

"நாம நிக்கறோம்ல. பயப்படுது."

"அப்ப போயிடலாம்."

இருவரும் பின்வாங்கி மாடிப்படி ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். குருவி கம்பியிலிருந்து மதிலுக்கு வந்தது, மதிலிலிருந்து செடிக்கு. அதற்குள் காகம் இரண்டு தத்தல் தத்தி நெருங்கிவிட்டது. சிறுமி வீலென்று கத்திக்கொண்டு ஓடினாள். காகம் எழுந்தது. குருவியும் எழுந்தது.

"நாம நின்னா அம்மா வர மாட்டேங்குது," என்றாள் வாயாடி, மூச்சு வாங்க. "நாம போனா காக்கா வருது. அப்ப என்னக்கா பண்ணணும்?"

சத்தம் கேட்டுத் தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டு டிரைவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "காக்காவும் புள்ளகுட்டிக்காரங்கதானே," என்று சிரிக்கப் பார்த்தார். மகள் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிவிட்டு ஒரு கல்லைப் பொறுக்கினார். காகம் பக்கத்து மாடிக்குப் போய், அங்கிருந்து பொறுமையாகப் பார்த்தது. அதற்கு வேறு வேலை இல்லை.

"கூட்டோட எடுத்து வீட்டுக்குள்ள வச்சுக்கலாமா?" என்றார்.

"அப்ப அம்மாக்குருவி சுத்தமா வராதுங்க."

"செடியிலயே வேற எடத்துல, உள்ள தள்ளி வச்சா?"

லென்ஸுக்குத் தெரியவில்லை. பறவைகளைக் கவனிக்கும் சங்கம் ஒன்றுக்கு போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வாத்தியாருக்குப் போட்டாள். அவர் எடுத்தார். அவள் பேச வாய் திறப்பதற்குள், "நானே கூப்பிடணும்னு இருந்தேன். மத்த நடுவருங்ககிட்ட நீ சொன்னதைச் சொன்னேன்மா. விதியில இல்லாததுக்குப் புள்ளையைத் தண்டிக்க முடியாதுங்கறாங்க. அதுவும் சரிதானே? முதல் பரிசு அவளுக்குத்தான். சொல்லிடு," என்றார்.

"சார், கூட்டை நகர்த்தலாமா?"

"என்னைக் கேட்டா? நான் படம் எடுக்கறவன்மா."

போனை வைத்தாள். பக்கத்தில் நின்ற சிறுமிக்கு எல்லாம் கேட்டிருந்தது. வாயாடி குதிக்கவில்லை. அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறியது. டிரைவர் ஒரு குடையைக் கொண்டுவந்து, தள்ளி நின்று, கூட்டின்மேல் நிழல் விழுகிற மாதிரி பிடித்துப் பார்த்தார். நிழல் விழுந்தது. குஞ்சுகள் வாயை மூடின. ஒரு நிமிஷம் எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் குடை இருக்கும்வரை தாய் வரவில்லை. குஞ்சுகளுக்குத் தீனி கொடுக்க அங்கே யாருக்கும் தெரியாது. குடையைச் செடியில் கட்டிவிட்டு எல்லோரும் விலகினார்கள். காற்று அடித்ததும் குடை புரண்டு கூட்டை உரசிற்று. லென்ஸ் ஓடிப்போய் அதை எடுத்தாள்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். யாரும் அசையவில்லை. "ஏங்க, ராத்திரி வண்டிக்குப் போகணும். கொஞ்சமாவது தூங்குங்க," என்று கணவரை மட்டும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான் வெட்டினதாலதானக்கா?"

"நான் சொன்னதாலம்மா. நான்தான் அவசரப்பட்டு அப்படி எழுதினேன்."

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். "நீங்க வெட்டுன்னு சொல்லலியே. கத்திரி என் கையிலதான இருந்துச்சு."

பழியை முழுசாக வாங்கிக்கொள்ளலாம் என்றால், அதிலும் பாதியை அந்தப் பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. லென்ஸ் அவள் தலையில் கை வைத்தாள். எதைச் சொன்னாலும் இவள் அப்படியே செய்துவிடுவாளே என்று பயமாக இருந்தது.

இந்த முறை தாய்க்குருவி செடிவரைக்கும் வந்துவிட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு வாயில் புழுவைத் திணித்தது. சிறுமி லென்ஸின் விரல்களை நெரித்தாள். குருவி அடுத்த இரைக்குப் பறந்தது. அது மதிலைத் தாண்டிய கணம் காகம் இறங்கியது. சிறுமி எழுவதற்குள், லென்ஸ் ஜன்னல் கம்பியில் அடித்துச் சத்தம் போடுவதற்குள், அது வந்த வேலையை முடித்துவிட்டது. ஒன்றைக் கொண்டுபோயிற்று. துரத்திக்கொண்டு செடிவரை ஓடினார்கள். மற்றது கீழே மண்ணில் விழுந்து கிடந்தது. லென்ஸ் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது. அசையவில்லை.

தாய்க்குருவி திரும்பி வந்தது. வாயில் புழு. இவர்கள் செடிக்குப் பக்கத்திலேயே, மறைவில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அது கம்பியில் உட்கார்ந்தது, கத்தியது, மதிலுக்கு வந்தது, திரும்பக் கம்பிக்குப் போயிற்று.

"அக்கா, நாம தள்ளிப் போயிடலாம். அப்பத்தானே அது வரும்," என்றாள் சிறுமி.

லென்ஸ் தலையசைத்தாள். இனி நின்றாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். அதைச் சொல்லாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குருவி பயந்துவிடாதபடி மெதுவாக, ஓசையில்லாமல் பின்வாங்கினாள்.