நாற்பத்தோராம் ஏட்டின் மூன்றாம் வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் உதிக்கவில்லை, வாட்ஸாப்பில் வந்தது. பீர்க்கன்கரணையில் எங்கள் காலனிக் குழுவில், தண்ணீர் லாரி யார் வீட்டு வாசலில் நிற்பது என்ற சண்டைக்கு நடுவே, கிட்டு சார் ஒரு செய்தியைப் போட்டார்: "பாரசீகனுக்கே குதிரை வைத்தியம் கற்றுக்கொடுத்தவன் தமிழன்! பேராசிரியர் கண்டுபிடிப்பு." கீழே பதினேழு பேர் கைகூப்பினார்கள். பதினெட்டாவது ஆள் நான். செய்தியைப் படிக்காமலே கைகூப்பினேன்.

அந்த வெட்கக்கேடு தாங்காமல்தான் எழுத உட்கார்ந்தேன். பேராசிரியருக்கு ஸ்ரீரங்கன் என்று பேர் வைத்தேன். இப்படிப்பட்டவருக்குப் பின்னால் உண்மையில் வேலை செய்த ஒருத்தி இருந்தே தீருவாள் என்று தோன்றியது. அவளுக்குத் தனக்கோடி. மற்றதெல்லாம் என் கற்பனை, அதனால் யாரும் வழக்குப் போட வேண்டாம்.

2

முதல் முயற்சி: "ஓலைச்சுவடிகளின் தொன்மையான மணம் தனக்கோடியை வேறொரு காலத்துக்கு—"

(அடித்துவிட்டேன். சுவடியில் வருவது பூச்சிமருந்து நாற்றம். மணம் என்று எழுதுகிறவர்கள் சுவடியை மோந்தே பார்க்காதவர்கள்.)

இரண்டாம் முயற்சி: "அறிவுத் தாகம் கொண்ட அந்தப் பெண்—"

(இதையும். தாகமாவது ஒன்றாவது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். உட்கார ஒரு நாற்காலிகூடச் சொந்தமாகக் கிடையாது, ஆனால் கௌரவம். ஜூன் மாதத்துக்குள் முனைவர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.)

மூன்றாவது, இதுதான் நிற்கிறது:

தனக்கோடிக்கு முப்பத்தாறு வயது. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பல்கலைக்கழகத்தில்* ஏழு வருடமாக ஆய்வு செய்கிறாள். பழைய காலத்து நூல்களை மொழிக்கு மொழி வைத்துப் பார்த்து, எது எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிற ஒப்பியல் படிப்பு. அவள் எடுத்துக்கொண்டது குதிரை வைத்தியம்: தமிழில் ஒரு ஏடு, பாரசீகத்தில் ஒரு நூல். பாரசீகம் படிக்க மூன்று வருடம், வாரம் இரண்டு நாள், தாம்பரத்தில் ரயிலேறித் திருவல்லிக்கேணி போய்வந்தாள். அவளுடைய நெறியாளர் ஸ்ரீரங்கனுக்குப் பாரசீகத்தில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் ஒப்பியல் துறைத் தலைவர் அவர்தான்.

* நான் கட்டியது. அந்தச் சாலையில் இன்னொன்றுக்கு இடமிருக்கிறது.

3

ஏடு இருந்தது இரும்புலியூரில், ரயில்வேயில் ஓய்வு பெற்ற பொன்னுரங்கத்தின் பீரோவுக்கு மேலே. அவருடைய முப்பாட்டன் யாரோ குதிரை வைத்தியராம். நான்கு வருடத்துக்கு முன்னால் தனக்கோடி போய்க் கேட்டபோது, ஒரே நிபந்தனை போட்டார்.

"ஃபோட்டோ கீட்டோ எடுக்கக் கூடாதும்மா. நெட்டுல போட்டு வுட்டுருவீங்க. இப்டி குந்திகினு எய்திகினு போ."

மூன்று மதியம் உட்கார்ந்து எழுதினாள். அவர் சீரியல் பார்த்தபடி, விளம்பரம் வரும்போதெல்லாம், "இன்னாமா, குதிர எயுந்துகிச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுதியதைச் சுத்தப்பிரதி செய்து, அதை வைத்து எழுதிய நான்காம் அத்தியாயத்தோடு நெறியாளரிடம் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வது? அடுத்த அத்தியாயத்துக்குக் கையெழுத்து வேண்டுமே.

இரண்டு வருடம் கழித்து இரண்டும் சேர்ந்து கட்டுரையாக ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. ஆசிரியர்: ஸ்ரீரங்கன். "பொன்னுரங்கம் இல்லத்தில் ஏட்டை நானே நேரில் கண்டு படியெடுத்தேன்" என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. பாரசீக நூல் இதிலிருந்து வந்திருக்கலாம் என்று அவள் பயந்து பயந்து எழுதியதை, வந்ததுதான் என்று மாற்றியிருந்தார். பத்திரிகைக்கு "லாம்" பிடிக்காது.

போய்க் கேட்டாள்.

"நம்ம பேப்பர்தானேம்மா அது," என்றார் ஸ்ரீரங்கன். "உங்க பேர்ல அனுப்பிச்சா ஓப்பன் பண்ணிக்கூடப் பாக்கமாட்டான். ப்ரொஃபசர் பேர் இருந்தாத்தான் வெயிட். நன்றியுரைல சேத்திருக்கேன், பாருங்க."

பார்த்தாள். "உதவிய மாணவர்களுக்கு நன்றி" என்று இருந்தது. அன்றைக்குக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கூத்து இதோடு முடியவில்லை. ஆய்வேட்டைத் திருட்டுச் சோதனை செய்கிற மென்பொருளில் போட்டபோது, அவளுடைய நான்காம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக வந்தது. யாரிடமிருந்து திருடினாள்? பேராசிரியர் ஸ்ரீரங்கனின் கட்டுரையிலிருந்து! அவர் பெரிய மனசு பண்ணி, தன் கட்டுரையைப் பயன்படுத்த மாணவிக்கு அனுமதி உண்டு என்று சான்றிதழ் கொடுத்தார். அதற்கு அவள் ஓர் அடிக்குறிப்பில் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

4

(இங்கே எழுத்தாளனுக்கு ஒரு சந்தேகம். ஸ்ரீரங்கன் ரொம்பக் கெட்டவராகிவிட்டார். பிள்ளை பெற்றவள் ஆய்வை முடிக்கமாட்டாள் என்று தேர்வுக்குழு சொன்னபோது, மேசையைத் தட்டிச் சண்டை போட்டு அவளுக்கு இடம் வாங்கித்தந்தவர் அவர்தான். எழுதிவிட்டேன். இப்போது பார்த்தால் இன்னும் மோசமாகத் தெரிகிறார். நான் என்ன செய்யட்டும்?)

5

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால், அழைப்பிதழ் கொடுக்கப் பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனாள். பேச்சுவாக்கில், ஏட்டை ஒரு தடவை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"எட்த்துக்கோமா. பேத்தி அல்லாத்தியும் எட்த்து ஸ்டேட்டஸே வெச்சிட்டா."

"எங்க ஸ்ரீரங்கன் சார் எப்ப வந்து பாத்தாருங்க?"

"அது யாரு? உன்னைத் தவிர ஒரு ஆளும் இந்தப் பக்கம் வர்லியே."

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவடிக்கட்டில் நாற்பத்தோராம் ஏடு. இரண்டாம் வரி "எழுதியது" என்று முடிந்தது. மூன்றாம் வரியும் அதே சொல்லில் முடிந்தது. அவள் கண் இரண்டாம் வரியிலிருந்து நேராக நான்காம் வரிக்குத் தாவியிருந்தது. ஏடு எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற தவறு, முதல் வருட வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற தவறு. விடுபட்ட மூன்றாம் வரி இது:

"இவை யாவும் மரக்கலத்தில் குதிரையொடு வந்த சோனகர் சொல்லக் கேட்டு எழுதியது."

சோனகர் என்றால் குதிரை விற்க வந்த மேற்குக் கடல்காரர்கள். அதாவது, வைத்தியம் அங்கிருந்துதான் இங்கே வந்தது. தமிழ் வைத்தியர் எதையும் மறைக்கவில்லை. யாரிடம் கற்றேன் என்று நேர்மையாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறைத்தது தனக்கோடியின் கண்.

அவள் துறையில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரே வரி இரண்டு படிகளில் காணாமல் போயிருந்தால், ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது எழுதப்பட்டிருக்கும். ஸ்ரீரங்கனின் கட்டுரையைத் திறந்தாள். மூன்றாம் வரி அங்கேயும் இல்லை. திருட்டுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் சாட்சி சொல்ல வேண்டுமானால் தன் பிழையை முதலில் காட்ட வேண்டும். காட்டினால் நான்காம் அத்தியாயம் செத்தது. ஜூனும் போச்சு, வேலையும் போச்சு. சந்தோஷப்படுவதா, நெஞ்சில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் மூன்று ரயிலை விட்டாள்.

6

முடிவு, முதல் வகை: தேர்வு அரங்கில் தனக்கோடி எழுந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள். அரங்கம் கைதட்டுகிறது. ஸ்ரீரங்கன் தலைகுனிந்து—

(யார் கைதட்டுவது? அத்தனை பேரும் அவருடைய மாணவர்கள். தலைகுனிகிற பேராசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

முடிவு, இரண்டாம் வகை: அவள் வாயே திறக்கவில்லை. டாக்டர் தனக்கோடி. நெறியாளருக்குப் பொன்னாடை, எல்லோருக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு.

(நடக்கப்போவது இதுதான் என்று தெரியும். தெரிந்ததை எழுதக் கதை எதற்கு?)

7

ஆகவே நடந்த வரைக்கும் சொல்கிறேன். பொது வாய்மொழித் தேர்வில் பார்வையாளர்களும் கேள்வி கேட்க வேண்டும் என்று விதி. யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வழக்கம். அதனால் ஆய்வாளரே முந்தின நாள் கேள்விகளைச் சீட்டில் எழுதி, தெரிந்தவர்களிடம் கொடுத்துவைப்பார். அவர்கள் திடீரென்று தோன்றியதுபோல எழுந்து கேட்பார்கள். இதற்குப் பேர் அறிவுலகம்.

தனக்கோடி நான்கு சீட்டு எழுதினாள். இளைய ஆய்வாளர் ஜெபின் மூன்றை விநியோகித்துவிட்டு, நான்காவதைப் படித்ததும் நின்றுவிட்டான்.

"அக்கா, இத நான் கேக்கமாட்டேன். எனக்கும் அவர்தான் கைடு."

"நீ கேக்க வேணாம். யாராவது கேக்கட்டும்."

"கேட்டா உங்க டிகிரி?"

"தெரியும் ஜெபின்."

"அப்ப நீங்களே சொல்லிடலாமே அக்கா?"

அவள் சீட்டை நாலாக மடித்தாள். பயமாக இருந்தது, அவ்வளவுதான். ஏழு வருடத்தைத் தன் வாயாலேயே அழிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வேறு யாராவது அழித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அவளைக் கேலி செய்யலாம் என்று பேனாவை எடுத்தேன். கிட்டு சாருக்குக் கைகூப்பியவனுக்கு அந்த யோக்கியதை இல்லை.

8

தேர்வு நாள். மூன்று சீட்டும் கேட்டாயிற்று, மூன்றுக்கும் அவள் அழகாகப் பதில் சொன்னாள். ஸ்ரீரங்கன் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்கிறார்.

நான்காவது சீட்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆமாம், உங்களிடம்தான். மேலே படித்துக்கொண்டிருந்தபோதே கொடுத்துவிட்டேன். "நாற்பத்தோராம் ஏட்டின் மூன்றாம் வரி உங்கள் படியிலும் இல்லை, பேராசிரியரின் கட்டுரையிலும் இல்லையே, ஏன்?" என்று அவள் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. நீங்கள் அவருடைய மாணவர் இல்லை. உங்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. இழக்கப்போகிறவள் மேடையில் நின்று உங்களையே பார்க்கிறாள். கேளுங்கள் என்று பார்க்கிறாளா, வேண்டாம் என்று பார்க்கிறாளா என்பது எனக்கும் தெரியவில்லை.

மைக் உங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.