கோழிகளுக்கான பத்து வரிசை

அடுக்களையிலிருந்து யுகாரியை மூன்றாவது முறையாக விரட்டினார்கள்.

“நீ எதுக்கு இங்க வந்து நிக்கிறே? போய் அப்பா பக்கத்துல உக்காரு. ஊதுவத்தி அணையாம பாத்துக்கிட்டா போதும்,” என்றாள் எதிர் வீட்டுத் தோமியே அக்கா. கையில் கரண்டி இருந்தது. அவளுக்குப் பின்னால் நான்கு பெண்கள் வெள்ளைச் சமையல் அங்கி மாட்டிக்கொண்டு யுகாரியின் அம்மா காலத்துப் பாத்திரங்களில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு தம்ளரைக்கூடக் கழுவக்கூடாது என்பது இந்த ஜப்பானியக் கிராமத்தின் வழக்கம். அக்கம்பக்கத்துப் பதினோரு வீடு சேர்ந்த குழு வந்து அடுப்பிலிருந்து வாசல் செருப்பு வரை எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளும். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று யுகாரிக்கே தெரியவில்லை. தோமியே அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். சென்டாய் நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய், வருடத்துக்கு இரண்டு முறை விருந்தாளி மாதிரி வந்து போகிறவளுக்கு அதைப் பற்றி வாய் திறக்கவும் வழியில்லை.

முன்னறையில் அப்பா தொகுஜி வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தார். முகத்தில் வெள்ளைத் துணி. தலைமாட்டில் ஒரு கிண்ணம் நிறையக் குவித்த சோறு, அதில் செங்குத்தாக இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள். அவர் விளைவித்த அரிசிதான். நேற்றுக் காலை பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தேநீர் கொண்டுபோன ஷூஃபென், அவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். தேநீர் ஆறிய பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது.

ஷூஃபென் தைவான்காரி. ஐம்பத்தாறு வயது, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்தே போடாமல் நெல் விளைவிக்கும் தொகுஜியின் வயலில் வேலை செய்ய, சம்பளம் வாங்காமல் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மட்டும் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்படி எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அப்பா புத்தாண்டுக்குக் கைப்பட வாழ்த்து எழுதுவார். பெற்ற மகளுக்கு அச்சடித்த அட்டைதான் வரும். அந்தக் கோபம் யுகாரிக்கு நிறையவே இருந்தது. அப்பா செத்த மறுநாளும் அது போகவில்லை.

இப்போது ஷூஃபென் கொல்லைப்பக்கமாக வந்து யுகாரியின் கறுப்பு உடையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா. வாசல் பாரு. சீக்கிரம்.”

வாசலின் இரண்டு பக்கமும் மூங்கில் கொம்பு நட்டு வெள்ளைக் காகித விளக்குகள் கட்டியிருந்தார்கள். சாலைத் திருப்பத்தில் இன்னும் இரண்டு இருந்தன.

“நல்லாத்தான் இருக்கு. என்ன இப்போ?”

“கொம்பு பாரு, கொம்பு! தொகுஜி ஐயா கொடி கொம்பு. நாளைக்கு காலை மருந்து. கொடி இல்ல!”

யுகாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கதிர் தள்ளும் பருவத்தில், ஆகஸ்ட் முதல் வாரம், நகரத்திலிருந்து ஆள் வந்து, முன்பெல்லாம் குட்டி ஹெலிகாப்டரையும் இப்போது ட்ரோனையும் விட்டு, ஊர் முழுக்கக் கதிரை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிக்கு மருந்தடிப்பான். விடிந்ததும் ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். அவனுக்கு யார் வயல் எது என்று தெரியாது. நான்கு மூலையிலும் மஞ்சள் கொடி பறந்தால் அதை விட்டுவிடுவான், இல்லாவிட்டால் அடிப்பான். அவ்வளவுதான் ஏற்பாடு. இருபத்திரண்டு வருடமாக அப்பா முந்தின நாளே கொடி நட்டு, போதாததற்கு ஒரு மூலையில் தானும் ஒரு கொடியோடு நிற்பார்.

மருந்து வந்த முதல் வருடம் யுகாரிக்கு இருபத்துநான்கு வயது. விடுமுறைக்கு வந்திருந்தாள். “ஒரு மணி நேரம் ஒரு மூலையில நிக்கிறியாம்மா?” என்று கேட்டார். ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டாள். அடுத்த ரயில் நாற்பது நிமிடத்தில் இருந்தது. அது இருவருக்கும் தெரியும். அதற்கப்புறம் அவர் எதையும் கேட்டதில்லை.

இந்த நிலத்தை அவள் வைத்துக்கொள்ளப் போகிறாளா என்பது வேறு பேச்சு. இப்போது நிற்பது அப்பா கையால் நட்ட கடைசி நாற்று. அதன்மேல் ஒரு சொட்டு மருந்து விழுந்தாலும் அது அவருடைய நெல் இல்லை. அது மட்டும் நடக்கக்கூடாது.

“மஞ்சள் துணி எங்க?” என்றாள்.

ஷூஃபென் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினாள். தோமியே அக்காவின் ஆட்கள் அதை வைத்துத்தான் சோயா சிந்திய தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரிடம் போய்ச் சொல்வது? இந்த வருடம் குழுத் தலைவர் இவாவோ. மருந்தடிக்கும் ஏற்பாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. அப்பாவோடு இருபத்திரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வயல்காரரும் அவரேதான். அப்பாவின் வரப்புப் புல்லில் வளர்ந்த பூச்சி தன் கதிரில் ஏறிக் கறுப்புப் புள்ளி விழுந்து, அரிசி இரண்டாம் தரமாகிவிட்டது என்பது இவாவோவின் கட்சி. காற்றில் உங்கள் மருந்து என் வயலுக்கு வருகிறது, வரப்பை ஒட்டிப் பத்து வரிசை அடிக்காமல் விடுங்கள் என்பது அப்பாவின் கட்சி. “உன் பூச்சிக்கு நான் பத்து வரிசை விருந்து வைக்கணுமா?” என்று இவாவோ நடுச்சாலையில் நின்று கேட்டதோடு பேச்சு முறிந்தது. அன்றிலிருந்து அப்பா தன் பக்கத்திலேயே பத்து வரிசையைக் கழித்துக்கொண்டார். காற்றில் மருந்து பட்ட அந்த நெல்லைத் தனியாக அறுத்துத் தனியாகக் காயவைத்துக் கோழிகளுக்குப் போடுவார். ஷூஃபென் மாதிரி வந்த தொண்டர்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லும் பாடம் அது.

இவாவோ வாசலறையில் மேசை போட்டு, கறுப்புக் கோட்டு கழுத்தை இறுக்க, வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். எதிரி வீட்டுச் சாவை நேற்றிலிருந்து அவர்தான் ஓடி ஓடி நடத்திக்கொண்டிருந்தார். சவப்பெட்டி, பிக்கு, மயானத்துக்கு நேரம் வாங்குவது, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

யுகாரி எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“மாமா, ரொம்ப சிரமம் குடுக்கறோம்.”

“இதுல என்ன சிரமம். முறைதானே.”

“வாசல்ல விளக்கு கட்டியிருக்கிற கொம்பு...”

“கொட்டகையில நாலு கிடந்துச்சு. நல்ல காய்ஞ்ச மூங்கில். நான்தான் வெட்டினேன். ஏன், கோணலா இருக்கா?”

“அது அப்பாவோட கொடிக்கொம்பு.”

இவாவோவின் பேனா நின்றது. காது மடல் சிவந்தது. இத்தனை வருடமாகத் தன் வயலின் ஓரத்திலேயே பறந்த கொடி. கையிலெடுத்து அறுத்தபோது துணி சுற்றியிருந்ததைப் பார்த்தும் அவருக்குப் புரியவில்லை.

“நாளைக்குக் காலையில...” என்று யுகாரி ஆரம்பித்தாள்.

வெளியில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இவாவோ எழுந்தார்.

“பிக்கு வந்துட்டாரு. நீ உள்ள போய் உக்காரு.”

அவ்வளவுதான் பதில். மந்திரம் ஓதி, எல்லோரும் ஊதுவத்தி ஏற்றி, கிழங்கும் பீரும் முடிந்து ஆட்கள் கலையும்வரை அவர் அவள் இருந்த பக்கமே திரும்பவில்லை. கிளம்பும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். “துக்க வீட்டுக்காரங்க நாளைக்கு வெளிய தலை காட்ட வேணாம். குழு பாத்துக்கும்,” என்றார். யுகாரிக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை ஒரு மூங்கில் கொம்புக்காக வந்தது.

“அழாதே. என்கிட்ட மழைக்கோட்டு இருக்கு. மஞ்சள்,” என்றாள் ஷூஃபென்.

“ஒரு கோட்டை வச்சு நாலு மூலைக்கு என்ன பண்றது?”

“நான் ஓடுவேன்.”

ஐம்பத்தாறு வயதில் நான்கு மூலைக்கும் ஓடுவதாகச் சொன்னவளைப் பார்த்து யுகாரிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

விடியற்காலை நான்கரைக்கு வானம் வெளுத்தது. ஊதுவத்திக்குக் காவலாக இருந்த தோமியே அக்கா, துடைப்பக் கட்டையும் மழைக்கோட்டுமாக இரண்டு பேர் பூனை நடை நடந்து போவதைப் பார்த்தாள். ஊதுவத்தியை மட்டும் ஒன்று மாற்றி வைத்தாள்.

வாய்க்காலைத் தாண்டியதும் யுகாரி நின்றுவிட்டாள்.

வயலின் மேற்கு மூலைகள் இரண்டிலும் பச்சை மூங்கிலில் மஞ்சள் துணி ஆடிக்கொண்டிருந்தது. துவைத்துக் காய்ந்த துணி, ஓரத்தில் சோயா கறை மட்டும் போகவில்லை. கிழக்கே, இவாவோ வயல் பக்கம், வரப்பின் மேல் கொடி எதுவும் இல்லை. பிறகுதான் பார்த்தாள். ஒரு கொடி வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம், இவாவோவின் நெல்லுக்குள்ளே நட்டிருந்தது. இன்னொன்றைக் கையில் பிடித்தபடி இவாவோவே தன் வயலுக்குள் நின்றிருந்தார். சாவுக்குப் போட்ட கறுப்புக் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார்.

யுகாரி வரப்பிலிருந்து அவர் நிற்கும் இடம்வரை நெல் வரிசைகளை எண்ணினாள். ஒரு முறை எண்ணி நம்பாமல் மறுபடி எண்ணினாள். பத்து.

“மாமா...”

“கத்தாதே. காத்து உங்க பக்கமா அடிக்குது,” என்றார் இவாவோ. “நாலாவது கொம்பு வெடிச்சிருச்சு. பாதிக் கொம்புதான், நட்டா நிக்காது.”

“உங்களுக்குப் பூச்சி ஏறிடுமே.”

“ஏறட்டும்.” நழுவிய கால்சட்டையை மேலே சுருட்டிவிட்டார். “நீ எதுக்கு வந்தே? துக்க வீட்டுக்காரங்க தங்க வயல்ல இறங்கக் கூடாதுன்னு தெரியாதா?”

“குடுங்க. நான் பிடிக்கிறேன்.”

“சொன்னா கேக்க மாட்டியா? உங்கப்பன் புத்தி.”

யுகாரி கையை நீட்டியபடியே நின்றாள். சாலையில் நகரத்து வேன் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. இவாவோ அதைப் பார்த்தார், அவள் கறுப்பு உடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

“இது எங்க வயல்தான். உங்க வயல் இல்ல,” என்றார். கொடியை அவள் கையில் கொடுத்தார்.

யுகாரி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். சேறு கணுக்கால் வரை ஏறியது, காலையிலேயே வெதுவெதுப்பாக இருந்தது. கொம்பை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தாள். இவாவோ வரப்பில் ஏறி நின்று, வேன்காரனுக்குக் கையைத் தூக்கி எல்லையைக் காட்டினார். ட்ரோன் எழும்பி, நெல் நுனியைத் தடவுகிற மாதிரி தாழ்ந்து பறந்து, நேராக அவளை நோக்கி வந்தது. கண்ணை மூடிக்கொள்ளாமல் நின்றாள். கொடிக்கு முன்னால் அது நின்று, திரும்பி, வந்த வழியே போனது.

ஷூஃபென் மழைக்கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்த பத்து வரிசையையும் அந்தப் பக்கம் இருந்த பத்து வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ கணக்கு இடித்தது.

“அப்போ இந்த வருஷம் கோழிக்கு என்ன போடறது?” என்றாள்.

இவாவோ கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேற்றுக் காலோடு வாய்க்காலை நோக்கி நடந்தார்.